ஸ்பான்சர்ஷிப் கிடைக்குமா? பிரிட்டன் போக நினைக்கும் அக்கவுண்டன்ட்டுக்கு ஒரு வழிகாட்டி



இஞ்சினியரிங் காலேஜ் இதழில் அக்கவுண்டன்ட் விசாவைப் பற்றிக் கட்டுரை எதுக்குன்னு கேட்பீங்க. ரெண்டு காரணம் இருக்கு. முதலாவது, நம்மில் பல பேர் வீட்டில் பி.காம் முடித்த அக்காவோ, சிஏ எழுதிக்கொண்டிருக்கும் அண்ணனோ இருப்பார்கள். வெளிநாட்டு வேலை என்று பேச்சு வந்தாலே, "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று நம்மிடம்தான் போனை நீட்டுவார்கள். இரண்டாவது, ஸ்பான்சர்ஷிப் நடைமுறை சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் ஐடிக்கும் ஒன்றேதான். வேலைக் குறியீடும் சம்பளக் கணக்கும்தான் மாறும். அக்கவுண்டன்ட் கேஸை ஒருமுறை புரிந்துகொண்டால் நம்ம கேஸும் புரிந்துவிடும்.

எல்லா நாட்டையும் ஒரே கட்டுரையில் அடைக்க முடியாது. அதனால் பிரிட்டனை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் எச்-1பி மாதிரி ஆண்டு உச்சவரம்பும் குலுக்கலும் பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குக் கிடையாது. நிபந்தனைகள் பொருந்தினால் விசா உண்டு, ஒன்று பொருந்தாவிட்டாலும் கிடையாது. அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

ஸ்பான்சர்ஷிப் என்றால் என்ன?

பல பேர் நினைப்பது, கம்பெனி ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தால் அதுதான் ஸ்பான்சர்ஷிப் என்று. அப்படி இல்லை. இதில் மூன்று படிகள் இருக்கின்றன.

முதல் படியில், கம்பெனி பிரிட்டன் உள்துறையிடம் ஸ்பான்சர் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். இரண்டாம் படியில், உங்கள் பெயரில், உங்கள் வேலைக்கென்று ஒரு சர்ட்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்பை அந்தக் கம்பெனி ஒதுக்க வேண்டும். சர்ட்டிபிகேட் என்று பெயர் இருந்தாலும் அது காகிதம் கிடையாது. உள்துறையின் கணினியில் இருக்கும் ஒரு பதிவு, அதற்கு ஒரு எண். சுருக்கமாக சிஓஎஸ் என்பார்கள். மூன்றாம் படியில், அந்த எண்ணை வைத்து நீங்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். சிஓஎஸ் ஒதுக்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

லைசென்ஸ் வாங்கியதோடு கம்பெனியின் வேலை முடிவதில்லை. நீங்கள் அனுமதி இல்லாமல் தொடர்ந்து 10 வேலை நாட்களுக்கு மேல் ஆபீஸுக்கு வராவிட்டால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சம்பளம் குறைந்தாலும், வேலையே மாறினாலும் சொல்ல வேண்டும். ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தவறினால் லைசென்ஸ் போய்விடும், அதோடு அங்கே இருக்கும் மற்ற வெளிநாட்டு ஊழியர்களின் நிலையும் ஆட்டம் காணும். "உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவையா?" என்று ஹெச்ஆர் முதல் கேள்வியாகக் கேட்பது இதனால்தான். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

70 மார்க் பரீட்சை

இந்த விசாவுக்கு 70 புள்ளிகள் வேண்டும். லைசென்ஸ் உள்ள நிறுவனத்தின் வேலை ஆஃபருக்கு 20, வேலையின் திறன் மட்டத்துக்கு 20, ஆங்கிலத்துக்கு 10, சம்பளத்துக்கு 20. கூட்டிப் பாருங்கள், சரியாக 70. சாய்ஸ் கேள்வியே கிடையாது. மூன்றில் முழு மார்க் வாங்கி ஒன்றில் கோட்டை விட்டாலும் ஃபெயில்தான்.

ஆங்கிலத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பு பி1 நிலை போதும். 2026 ஜனவரி 8 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு பி2 வேண்டும். ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்கள் எக்டிஸ் என்ற அமைப்பிடம் பட்டத்தை மதிப்பீடு செய்து காட்டலாம். அது ஒத்துக்கொள்ளப்பட்டால் தனியாகத் தேர்வு எழுத வேண்டாம்.

விசிட்டிங் கார்டில் என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை

நம்ம ஊரில் டேலி போடுபவரையும் அக்கவுண்டன்ட் என்போம், ஆடிட்டரிடம் உட்கார்ந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவரையும் அக்கவுண்டன்ட் என்போம். பிரிட்டனிலும் "அக்கவுண்டன்ட்" என்ற வெறும் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் விசா பார்ப்பது பெயரை இல்லை, வேலைக் குறியீட்டை.

சார்ட்டர்டு மற்றும் சர்ட்டிஃபைடு அக்கவுண்டன்ட்களுக்கான குறியீடு 2421. பில் பதிவது, சம்பளப் பட்டியல் போடுவது போன்ற வேலைகளுக்கு வேறு குறியீடு. 2025 ஜூலை 22 முதல் இந்த விசாவுக்கான திறன் மட்டம் பட்டப்படிப்பு அளவுக்கு உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே உள்ள வேலைகள், அரசு வெளியிடும் குறிப்பிட்ட பட்டியல்களில் இருந்தால் மட்டுமே தப்பிக்கும்.

இதில்தான் ஒரு சிக்கல். ஒரு சின்ன கடைக்கு கணக்கு எழுத ஆள் வேண்டும். 2421 என்று போட்டு சிஓஎஸ் ஒதுக்குகிறார்கள். உள்துறை அதிகாரி கேட்பார்: இவ்வளவு சின்ன கடைக்கு முழுநேர சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் எதற்கு? வேலை உண்மையானதாகத் தெரியாவிட்டால் விசா மறுக்கப்படும். ஆஃபர் லெட்டர் வந்தவுடன் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வேலை விவரத்தைப் பாருங்கள். நிதி அறிக்கை தயாரிப்பது, தணிக்கை, வரித் திட்டமிடல், நிர்வாகத்துக்கு நிதி ஆலோசனை சொல்வது இதெல்லாம் அதில் இருக்கிறதா? இன்வாய்ஸ் பதிவு மட்டும் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

சம்பளம்: பெரும்பாலும் இங்கேதான் அடிபடும்

ஸ்கில்டு வொர்க்கர் விசா 2020 டிசம்பரில் தொடங்கியது. பொதுவான சம்பள வரம்பு 2024 ஏப்ரல் 4-க்கு முன்பு ஆண்டுக்கு 26,200 பவுண்டு. அன்றைக்கு அது ஒரே தாவலில் 38,700 ஆனது. 2025 ஜூலை 22 முதல் 41,700. 2024-ல் வரம்பு ஏறியபோது, சில பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு ஏற்கெனவே கொடுத்த ஆஃபரைத் திரும்பப் பெற்றதாக அங்கத்திய பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்தப் பிள்ளைகளின் திறமையில் குறை இல்லை. புதிதாகச் சேர்பவருக்கு அந்த நிறுவனம் கொடுக்கும் சம்பளம் புதிய கோட்டுக்குக் கீழே இருந்தது, அவ்வளவுதான்.

41,700 தாண்டினால் போதும் என்றும் இல்லை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் "நடப்பு வீதம்" என்று ஒரு தொகையை உள்துறை வைத்திருக்கிறது. பொது வரம்பு, நடப்பு வீதம் இரண்டில் எது அதிகமோ அதைத் தொட வேண்டும். இந்தப் பட்டியல் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவது உறுதியான அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். "38 ஆயிரம் சம்பளம், போனஸோட சேர்த்தா 43 வரும்" என்று ஹெச்ஆர் சொன்னால், விசாவுக்கு அது 38 ஆயிரம்தான்.

26 வயதும் 4 வருடமும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

"புதிதாக நுழைபவர்" என்று ஒரு சலுகை உண்டு. அதில் வந்தால் பொது வரம்பு 41,700-க்குப் பதிலாக 33,400. நடப்பு வீதத்திலும் 70 சதவீதம் இருந்தால் போதும். இதிலும் இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. ஒரு குறியீட்டின் நடப்பு வீதம் 50,000 என்று சும்மா வைத்துக்கொள்வோம். அதில் 70 சதவீதம் 35,000. அது 33,400-ஐ விட அதிகம், ஆகவே அந்த வேலைக்குக் குறைந்தது 35,000 வேண்டும்.

யாருக்கு இந்தச் சலுகை? முக்கியமாக மூன்று வகையினருக்கு:

1. விண்ணப்பிக்கும் நாளில் 26 வயது நிரம்பாதவர்கள்.
2. பிரிட்டனில் படித்துவிட்டு ஸ்டூடண்ட் விசாவிலிருந்தோ, கிராஜுவேட் விசாவிலிருந்தோ மாறுபவர்கள்.
3. அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறைத் தகுதியையோ சார்ட்டர்டு நிலையையோ நோக்கிப் படித்துக்கொண்டே அந்த வேலையைச் செய்பவர்கள்.

மூன்றாவது வகை அக்கவுண்டன்ட்களுக்குப் பெரிய கதவு. தணிக்கை நிறுவனத்தில் பயிற்சி ஒப்பந்தத்தில் சேர்ந்து தேர்வு எழுதுபவர்கள் 26 தாண்டியிருந்தாலும் இதில் வரலாம்.

ஆனால் மொத்தம் 4 வருடம்தான் இந்தச் சலுகை. கிராஜுவேட் விசாவில் இருந்த காலமும் இந்த 4 வருடத்தில் கழிந்துவிடும். இதைப் பல பேர் கவனிப்பதில்லை. பிரிட்டனில் மாஸ்டர்ஸ் முடித்து, கிராஜுவேட் விசாவில் 2 வருடம் ஏதோ ஒரு வேலை பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்பான்சர் தேடினால் மீதி இருப்பது 2 வருடம். அதற்குப் பிறகு முழு வரம்புக்குச் சம்பளத்தை உயர்த்த முடியுமா என்று கம்பெனி யோசிக்கும். முடியாது என்று தோன்றினால் முதலிலேயே "சாரி" சொல்லிவிடுவார்கள். அந்த கிராஜுவேட் விசாவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது.

சிஏ முடிக்கும்போதே பலருக்கு 23, 24 ஆகிவிடும். ஒன்றிரண்டு அட்டெம்ப்ட் கூடப் போனால் 25. ஆக, "ரெண்டு வருஷம் இங்க எக்ஸ்பீரியன்ஸ் வாங்கிட்டு நிதானமா பார்த்துக்கலாம்" என்பதற்கு ஒரு விலை உண்டு. அதற்காக அவசரப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. நல்ல அனுபவத்தோடு முழு வரம்பைத் தாண்டிய சம்பளத்தில் போகிறவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்து முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கம்பெனி பாக்கெட்டிலிருந்து எவ்வளவு?

ஒரு இந்திய அக்கவுண்டன்ட்டை 3 வருடத்துக்கு எடுக்க, நடுத்தர அல்லது பெரிய நிறுவனத்துக்கு ஆகும் செலவைப் பார்ப்போம்.

• ஸ்பான்சர் லைசென்ஸ்: 2025 ஏப்ரல் நிலவரப்படி 1,579 பவுண்டு. ஏற்கெனவே லைசென்ஸ் இருந்தால் இது இல்லை.
• சிஓஎஸ் கட்டணம்: அதே நிலவரப்படி 525 பவுண்டு.
• குடியேற்றத் திறன் கட்டணம்: 2025 டிசம்பர் 16 முதல் ஆண்டுக்கு 1,320 பவுண்டு. 3 வருடத்துக்கு 3,960.

சிறு நிறுவனம் என்றால் லைசென்ஸ் 574, திறன் கட்டணம் ஆண்டுக்கு 480. பிரிட்டனிலேயே ஸ்டூடண்ட் விசாவிலிருந்து நேராக மாறுபவருக்குத் திறன் கட்டணமே கிடையாது. கிராஜுவேட் விசாவுக்குப் போய்விட்டு அப்புறம் மாறினால் அந்த விலக்கு போய்விடும். படிப்பு முடியும்போதே ஸ்பான்சர் கிடைப்பது ஏன் கம்பெனிக்கும் லாபம் என்று இப்போது தெரிகிறதா?

உங்கள் பக்கச் செலவு: வெளிநாட்டிலிருந்து 3 வருடம் வரையிலான விசாவுக்கு 2025 ஏப்ரல் நிலவரப்படி 769 பவுண்டு. மருத்துவ சர்சார்ஜ் ஆண்டுக்கு 1,035, மூன்று வருடத்துக்கு 3,105, அதுவும் முன்பணமாக. கூட்டினால் 3,874 பவுண்டு. இதோடு காசநோய்ப் பரிசோதனைச் சான்று வேண்டும். 28 நாள் தொடர்ந்து கணக்கில் 1,270 பவுண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏ தர ஸ்பான்சர் அந்தப் பொறுப்பை சிஓஎஸ்ஸில் ஏற்கலாம். சில நிறுவனங்கள் விசா செலவையும் ஏற்றுக்கொள்ளும், கேட்பதில் தப்பே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். திறன் கட்டணத்தை ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது. 2024 டிசம்பர் 31 முதல் லைசென்ஸ் கட்டணத்தையும் சிஓஎஸ் கட்டணத்தையும்கூட ஊழியர் தலையில் கட்டக் கூடாது. "சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுக்கறோம்" என்றாலும் அது விதிமீறல்தான்.

நம்ம ஊர் சிஏவுக்கு அங்கே மதிப்பு உண்டா?

உண்டு. ஆனால் இந்திய சிஏ என்பது தானாகவே பிரிட்டன் சார்ட்டர்டு ஆகிவிடாது. அங்கே ஐசிஏஇடபிள்யூ, ஏசிசிஏ போன்ற தொழில்முறை அமைப்புகள் இருக்கின்றன. ஐசிஏஐ உறுப்பினர்களுக்கு இவற்றில் பல தாள்களில் விலக்கு கிடைக்கும். சிஏ இல்லாத பி.காம் பட்டதாரிகளுக்கு ஏசிசிஏ ஒரு வழி. மொத்தம் 13 தாள்கள், 36 மாத வேலை அனுபவம். தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். ஸ்பான்சருக்கு விண்ணப்பிக்கும்போது "ஏசிசிஏ, 9 தாள் முடித்தவர்" என்பது, "ஏசிசிஏ சேரப் போகிறேன்" என்பதைவிட எவ்வளவோ பலம்.

பாடத்திலும் கொஞ்சம் தயார் செய்ய வேண்டும். நம்ம இண்ட் ஏஎஸ், ஐஎஃப்ஆர்எஸ்ஸை ஒட்டி எழுதப்பட்டது. அதில் வேலை பார்த்தவருக்கு அங்கே பெரிய நிறுவனக் கணக்குகள் அந்நியமாகத் தெரியாது. ஆனால் அங்கே சிறு, நடுத்தர நிறுவனங்கள் பயன்படுத்துவது எஃப்ஆர்எஸ் 102. 2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் கணக்காண்டுகளுக்கு அதில் குத்தகை தொடர்பான விதிகள் பெரிதாக மாறியிருக்கின்றன. இன்டர்வியூவில் இதைப் பற்றி நாலு வார்த்தை பேச முடிந்தால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எங்கே தேடுவது?

லைசென்ஸ் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை பிரிட்டன் அரசே இணையத்தில் வெளியிடுகிறது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இருக்கின்றன. பெயர், ஊர், தரம், எந்த விசா வழிக்கு லைசென்ஸ் என்ற விவரம் எல்லாம் இருக்கும். டவுன்லோடு செய்து, எக்செல்லில் போட்டு, ஊர் வாரியாக வடிகட்டுங்கள். நமக்கு இது ஐந்து நிமிட வேலை, வீட்டில் உள்ளவர்களுக்குப் பெரிய உதவி. லண்டன் மட்டுமே பிரிட்டன் இல்லை. மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லீட்ஸ் என்று எல்லா ஊரிலும் தணிக்கை நிறுவனங்கள் உண்டு.

பட்டியலில் பெயர் இருப்பதாலேயே அவர்களிடம் வேலை காலி என்று அர்த்தமில்லை. லைசென்ஸ் இல்லாத நல்ல கம்பெனி ஒன்று உங்களை விரும்பினால் அவர்கள் புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். முடிவு பெரும்பாலும் 8 வாரத்துக்குள் வரும். விண்ணப்பக் கடிதத்தில் ஸ்பான்சர்ஷிப் தேவை என்பதை மறைக்காதீர்கள். அதோடு "நான் புதிதாக நுழைபவர் சலுகையில் வருகிறேன், என் குறியீடு 2421" என்று ஒரு வரி சேருங்கள். பாதி ஹெச்ஆர் வேலையை நீங்களே செய்துகொடுத்த மாதிரி ஆகும்.

இன்னொரு வழியும் உண்டு. பிரிட்டன் குழுமம் ஒன்றின் சென்னை அல்லது பெங்களூரு கிளையில் சேர்ந்து, பொதுவாக 12 மாதம் வேலை பார்த்தபின் அதே குழுமத்துக்குள் மாற்றலாகிப் போகலாம். இதற்கு ஆங்கிலத் தேர்வு வேண்டாம். ஆனால் 2025 ஜூலை நிலவரப்படி சம்பள வரம்பு 52,500 பவுண்டு, நிரந்தரக் குடியுரிமைக்கும் இந்த வழி நேரடியாகக் கொண்டு போகாது.

சிஓஎஸ் விற்பனைக்கு!

வாட்ஸ்அப்பில் "யூகே சிஓஎஸ் ரெடி, அக்கவுண்டன்ட் போஸ்ட், பணம் கட்டினால் போதும்" என்று ஃபார்வர்டு வருகிறதல்லவா? சிஓஎஸ் விற்கும் பொருளே கிடையாது. பணம் கொடுத்து வாங்கியதாகவோ, இல்லாத வேலையைக் காட்டியதாகவோ தெரிந்தால் விசா மறுக்கப்படும். ஏமாற்று வேலை என்று முடிவானால் 10 வருடத் தடை வரை போகலாம்.

இதற்கு முன்னால் நடந்த பாடம் இருக்கிறது. பிரிட்டனில் முதியோர் பராமரிப்புத் துறைக்கு 2022-ல் விசா திறந்தார்கள். இந்தியாவிலிருந்தும் நிறைய பேர் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிப் போனார்கள். போய் இறங்கினால் பலருக்குச் சொன்ன வேலையே இல்லை. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையே அந்தத் துறையில் 470-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் லைசென்ஸ் ரத்தானது. 39,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அந்த நிறுவனங்களோடு தொடர்புடையவர்கள். ஸ்பான்சர் லைசென்ஸ் போனால், ஊழியருக்கு வேறு ஸ்பான்சர் தேடப் பொதுவாகக் கிடைப்பது 60 நாள். வேலை போனாலும் அதே 60 நாள்தான்.

அதனால் பணம் கட்டும் முன்:

• ஸ்பான்சர் பட்டியலில் அந்தக் கம்பெனி இருக்கிறதா, அதில் ஸ்கில்டு வொர்க்கர் என்று போட்டிருக்கிறதா?
• கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் அந்தக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கு இலவசமாகவே கிடைக்கும். கணக்குப் படிக்கத் தெரிந்தவர்தானே போகப் போகிறார்? அந்த பேலன்ஸ் ஷீட்டையே படிக்கச் சொல்லுங்கள். கையிருப்பு ஆயிரம் பவுண்டு வைத்திருக்கும் கம்பெனி எப்படி ஆண்டுக்கு 42,000 சம்பளம் கொடுக்கும்?
• இந்திய ஏஜென்ட் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவு இருக்கிறதா? பதிவு பெற்ற ஏஜென்ட்டும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது.
• சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் கேட்கலாம்.

நமக்கு இதில் என்ன?

2421 என்ற இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். சிவில் 2121, மெக்கானிக்கல் 2122, எலக்ட்ரிக்கல் 2123, எலக்ட்ரானிக்ஸ் 2124, சாஃப்ட்வேர் 2134. நடப்பு வீதம் மாறும். 26 வயதுக் கணக்கும், 4 வருடக் கணக்கும், 60 நாளும் அப்படியேதான். நாம் 21, 22 வயதில் வெளியே வருகிறோம், ஆக நம்மிடம் கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கிறது.

வேலை மாறினால் புதிய சிஓஎஸ்ஸும் புதிய விண்ணப்பமும் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நிரந்தரமாகத் தங்க இதுவரை 5 வருடம் என்று இருந்ததைப் பொதுவாக 10 ஆக்கப் போவதாக 2025 மே மாதம் அந்த அரசு அறிவித்தது. ஆகவே போகும் முன் நடப்பு விதியை அரசு தளத்திலேயே பாருங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள தொகைகளும் வருடத்துக்கு வருடம் ஏறக்கூடியவைதான்.

இன்றைக்கு ராத்திரி அக்காவோ அண்ணனோ கேட்டால் மூன்றே கேள்வி திருப்பிக் கேளுங்கள்: வயது என்ன? குறியீடு என்ன? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் போகலாமா, காத்திருக்கலாமா, இங்கேயே நல்ல இடத்தில் சேரலாமா என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடியும். ஏஜென்ட் ஆபீஸ் பக்கம் போவதற்கு முன்னால் அந்தப் பேச்சு நடக்கட்டும்.